ஃபாக்னரைப் பையில் போட்டுக்கொண்டு அரகட்டாக்காவுக்கு

வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. கணுக்காலில் கொசு கடித்த இடம் இன்னும் அரிக்கிறது. அங்கே ஒவ்வொரு ராத்திரியும் நோட்டில் கிறுக்கி வைத்ததைத் தேதி வாரியாகத் தட்டிப் போடுகிறேன். விமான டிக்கெட், ஓட்டல் பதிவு இதெல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒழுங்காக நடந்ததைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

எதற்குப் போனேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1950இல், பிறந்த வீட்டை விற்பதற்காக அம்மாவுடன் அரகட்டாக்காவுக்குப் போன கதையோடுதான் கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் தன்வரலாறு ஆரம்பிக்கிறது. அந்தப் பயணத்தில் அவர் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தது அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரின் 'லைட் இன் ஆகஸ்ட்' என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். சொந்த ஊருக்குப் போகிற கொலம்பியாக்காரனுக்கு வழித்துணைக்கு ஒரு மிசிசிப்பிக்காரர் எதற்கு? நான் அமெரிக்கா வந்த புதிதில் மூன்று வருஷம் மிசிசிப்பியில், ஜாக்சனில் குப்பை கொட்டியவன். ஃபாக்னரின் ஊரான ஆக்ஸ்ஃபோர்டு காரில் மூன்று மணி நேரம்கூட இல்லை, ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த உறுத்தலும் சேர்ந்திருக்கலாம். எப்படியோ, அதே புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் 3 டாலருக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்பானிஷுக்கு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டேன். ஹூஸ்டனில் வளர்ந்தவன், ஸ்பானிஷ் தண்ணி பட்ட பாடு, நாவல் என்றால் கொட்டாவி.

ஜூலை 10, 2024, புதன் – பர்ரான்கியா

விமான நிலையக் கதவு திறந்ததும் இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. ஊரே மஞ்சள் சட்டையில் இருந்தது, டாக்சிக்காரர், பெட்டி தூக்குகிறவர், பணம் மாற்றும் பெண் உட்பட. கோப்பா அமெரிக்கா கால்பந்து அரையிறுதி, ராத்திரி 7 மணிக்கு உருகுவேயோடு ஆட்டமாம். எங்களைப் பார்த்த டாக்சிக்காரர் "இந்தூ?" என்று கேட்டார். இங்கே இந்தியாக்காரர் எல்லாருமே இந்தூதான், முஸ்லிமாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும்.

ஓட்டலுக்குப் பக்கத்தில் தெருவோரம் ஒரு அம்மா வாணலி வைத்திருந்தார். சோள மாவை வடை மாதிரித் தட்டி எண்ணெயில் போடுகிறார், அது உப்பி வந்ததும் எடுத்து, ஓரத்தில் கத்தியால் ஒரு கீறல், அந்த வழியாகப் பச்சை முட்டையை உடைத்து உள்ளே விட்டு, கீறலை மாவால் பூசி மறுபடி எண்ணெய்க்குள். கை நடுங்கினால் முட்டை முழுக்க வாணலியில் போய்விடும், அவர் எங்களிடம் பேசிக்கொண்டே செய்தார். ஒன்று 4,000 பேசோ, கிட்டத்தட்ட ஒரு டாலர். தொட்டுக்கொள்ள 'சுவேரோ' என்று ஒன்றை ஊற்றினார். வாயில் வைத்ததும் எனக்குக் கோவில்பட்டி ஞாபகம் வந்துவிட்டது, ரெண்டு நாள் புளித்த கெட்டித் தயிரில் உப்புப் போட்ட மாதிரி. மூன்று சாப்பிட்டேன். "மி அமோர், இன்னொன்று?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவரை 'என் அன்பே' என்று கூப்பிடுவது இங்கே கடை மரியாதை, நான் வெட்கப்பட்டதைப் பார்த்து மருமகன் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போனான்.

சாயங்காலம் 'லா குவேவா'. 1950களில் எழுத்தாளரும் ஓவியரும் வேட்டைக்காரரும் சேர்ந்து குடித்த இடம், இப்போது சாப்பாட்டுக் கடை. ஒருநாள் கதவைத் திறக்காத கோபத்தில் ஓவியர் அலெஹாந்த்ரோ ஒப்ரெகோன் சர்க்கஸ் யானையைக் கூட்டிவந்து கதவை இடித்தார் என்று கதை, யானையின் காலடித்தடம் என்று ஒன்றையும் காட்டுகிறார்கள். மதுரைக்காரன் என்றால் இதற்கெல்லாம் அசருவானா என்று நினைத்துக்கொண்டேன் (நான் கோவில்பட்டிதான், யானை விஷயத்தில் மதுரையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்). ரெண்டு பேர் சாப்பிட்ட பில்லைப் பார்த்து இனி தெருவோரக் கடைதான் என்று முடிவு செய்தோம். மார்க்கேஸ் ஃபாக்னரைப் படித்துக் கிறங்கிய காலத்தில் அவரும் நண்பர்களும் கூடியது பெரும்பாலும் நகரத்தின் நடுவில் இருந்த காபிக் கடைகளிலும் ஒரு புத்தகக் கடையிலும்தான். அதனால் இங்கே ஃபாக்னரைத் தேடிப் பிரயோசனமில்லை, யானைக் காலைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கொலம்பியா 1–0. விடிய விடிய ஹாரன்.

ஜூலை 11, வியாழன் – பர்ரான்கியா

இன்றைக்கு நடந்த கூத்துக்கு என் பிடிவாதம்தான் காரணம். நகரத்தின் பழைய பகுதியில், மார்க்கேஸ் 'எல் ஹெரால்டோ' பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்த நாளில் தங்கிய விடுதி இருந்த தெருவைத் தேடலாம் என்று கிளம்பினேன். விடுதி என்பது மரியாதைக்குச் சொல்வது. கீழே அலுவலகங்கள், மேலே தாசிகள் வாடகைக்கு இருந்த நாலு மாடி, அவர் வைத்த பெயர் 'வானளாவி'. ஒரு ராத்திரிக்கு ஒன்றரைப் பேசோ. காசு இல்லாத ராத்திரிகளில் வாசல்காரரிடம் ஒரு கையெழுத்துப் பிரதியை அடகு வைத்துவிட்டுத் தூங்கப் போவாராம். அந்தப் பிரதிதான் முதல் நாவல், 'லா ஓஹராஸ்கா', காற்று குவித்துவிட்டுப் போகிற சருகு என்று அர்த்தம்.

மேகம் கறுத்தது. வழியில் பிளாஸ்டிக் சாமான் விற்கிற பெரியவர் "போகாதீர்கள், அரோயோ வரும்" என்றார். அரோயோ என்றால் ஓடை, தெருவில் எங்கே ஓடை என்று நான் நடந்துகொண்டே இருந்தேன். பத்து நிமிஷ மழை. அவ்வளவுதான், தெரு ஆறாகிவிட்டது, முழங்காலளவு பழுப்புத் தண்ணீர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு ஓடுகிறது. பல காலமாக மழைநீர் வடிகால் சரியாக இல்லாமல் சரிவான தெருக்களே ஆறாக ஓடுவது இந்த ஊரில் பேர்பெற்ற விஷயமாம், சில தெருக்களுக்கு அடியில் இப்போது கால்வாய் போட்டுவிட்டார்கள், நான் நின்ற தெருவுக்கு இன்னும் வரவில்லை போல. ஓடி வந்து அதே பெரியவர் கடைக்குள் ஒதுங்கினோம். அவர் 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியில் ரெண்டை உருவிப் போட்டு, ஃபிளாஸ்கிலிருந்து கறுப்புக் காபி ஊற்றிக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம். என் பை மட்டும் நனைந்தது, பைக்குள் ஃபாக்னர் ஊறிப்போய்விட்டார்.

சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் மருமகனுக்குக் கதை சொன்னேன். இந்த ஊர் துறைமுகம். புவனோஸ் அய்ரெஸில் அச்சான ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புகள் இந்தக் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தன. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸ் 1940இலேயே ஃபாக்னரின் 'தி வைல்டு பாம்ஸ்' நாவலை ஸ்பானிஷாக்கிவிட்டார் (அதில் தன் அம்மாவுக்குப் பங்கு உண்டு என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார், அம்மாவின் பெயர் அட்டையில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்). 1949இல் மார்க்கேஸ் நிமோனியாவில் விழுந்து சுக்ரே என்ற ஊரில் பெற்றோர் வீட்டில் படுத்திருந்தார். படிக்க ஏதாவது அனுப்புங்கள் என்று எழுதினார், பர்ரான்கியா நண்பர்கள் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். ஃபாக்னர், வர்ஜீனியா வுல்ஃப், ஸ்டைன்பெக், டாஸ் பஸோஸ். படுக்கையிலிருந்து எழுந்தவர் வேறு ஆளாக எழுந்தார்.

"ஏன் மாமா, ஸ்பானிஷ்லயே எழுதுறவங்க யாரும் இல்லையா?"

இருந்தார்கள். ஆனால் கிராமத்தை எழுதுகிறவர்கள் மலை, காடு, ஆறு என்று நிலத்தை வர்ணித்துவிட்டு, மனிதரை அதற்குள் பொம்மை மாதிரி நிறுத்திவைத்த காலம் அது. ஃபாக்னர் 1930இல் 'ஆஸ் ஐ லே டையிங்' எழுதினார். செத்துப்போன ஒரு தாயைப் புதைக்கக் குடும்பமே வண்டியில் எடுத்துக்கொண்டு போகிறது, கதையை 15 பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள், செத்தவளும் ஒரு அத்தியாயம் பேசுகிறாள். எழுத்து வாசனை இல்லாத பட்டிக்காட்டு ஆட்களின் மண்டைக்குள்ளே இவ்வளவு பெரிய இரைச்சல் இருக்கிறது என்று காட்டினார். 1955இல் வந்த 'லா ஓஹராஸ்கா'வைத் திறந்தால் அங்கேயும் பிணம். ஊரே வெறுத்த ஒரு டாக்டரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தாத்தா, மகள், பேரன் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், மூவர் மனசும் மாறி மாறிப் பேசுகிறது. ஃபாக்னராவது ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேலே பேசுகிறவர் பெயரைப் போட்டார். இளந்தாரி மார்க்கேஸ் அதைக்கூடப் போடவில்லை, நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

"அப்போ காப்பி?" என்றான் மருமகன்.

அந்தக் கேள்விக்கு மார்க்கேஸே ஆளுக்கொரு பதில் சொல்லி வைத்திருக்கிறார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஃபாக்னர் ஃபாக்னர் என்று விமர்சகர்கள் சொல்லிச் சொல்லியே என்னை நம்ப வைத்துவிட்டார்கள், உண்மையில் முதல் நாவல் வந்த பிறகு தற்செயலாகத்தான் படித்தேன் என்று ஒரு சமயம் சொன்னார். பச்சைப் பொய். 1950இலேயே தன் பத்தியில் ஃபாக்னரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறார், அச்சில் இருக்கிறது. 1967இல் லீமாவில் பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசாவோடு பேசும்போது, லத்தீன் அமெரிக்க நிஜத்தைச் சொல்ல ஃபாக்னரின் முறை நன்றாக வேலை செய்கிறது என்று ஒப்புக்கொண்டார். 1982இல் நோபல் மேடையில் 'என் ஆசான் வில்லியம் ஃபாக்னர்' என்றே சொல்லிவிட்டார். கடன் வாங்கினவன் கடைத்தெருவில் கடன்காரனைப் பார்த்தால் முதலில் மறு தெருவுக்குப் போவான், கையில் காசு சேர்ந்த பிறகு கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுப்பான், அந்த மாதிரி. வர்கஸ் யோசாவுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு நான் படித்த முதல் நாவலாசிரியர் ஃபாக்னர் என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

விடுதி இருந்த தெருவைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் பெரியவர் காபிக்குக் காசு வாங்க மறுத்தார். ஒரு பிளாஸ்டிக் குவளை வாங்கினோம், 6,000 பேசோ.

ஜூலை 12, வெள்ளி – பர்ரான்கியா – சியேனகா

1950இல் அம்மாவும் மகனும் ராத்திரி மோட்டார் படகில் காயலைக் கடந்து சியேனகா போய் அங்கிருந்து ரயில் பிடித்தார்கள். அப்போது ரோடு கிடையாது. அடுத்த சில வருஷங்களில் கடலுக்கும் காயலுக்கும் நடுவே ரோடு போட்டார்கள், கடல் தண்ணீர் உள்ளே வரும் வழி அடைபட்டு சதுப்புக் காடு பெரிய பரப்பில் பட்டுப்போனது. ஜன்னலுக்கு வெளியே இன்னும் பட்ட மரங்கள் குச்சி குச்சியாக நிற்கின்றன.

ஏ.சி. இல்லாத வண்டி, ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. ஓட்டுநர் அக்கார்டியன் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். நேற்று நனைந்த புத்தகத்தை ராத்திரி முழுக்க மின்விசிறிக்கு அடியில் காயவைத்திருந்தேன், தாள் காய்ந்தது, முதுகுப் பசை விட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியாது. முதல் அத்தியாயத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ரோட்டோரம் உட்கார்ந்து தூரத்தில் வரும் கட்டை வண்டிக்காகக் காத்திருப்பாள், வண்டி வரும், வரும், வந்துகொண்டே இருக்கும், பக்கம் பக்கமாக வராது. அதை அனுபவித்துப் படித்துக்கொண்டிருக்கும்போது மக்தலேனா ஆற்றின் பெரிய பாலத்தில் வண்டி ஏறியது. ஒரு காற்று. பத்துப் பதினைந்து தாள் எழும்பி வண்டிக்குள் பறந்தது.

அப்புறம் நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு இருந்த அம்மா ஒரு தாளைக் காலால் மிதித்துப் பிடித்தார், உடனே "பெர்தோன்" என்று மன்னிப்பும் கேட்டார். பள்ளிச் சீருடைப் பையன் ரெண்டைப் பிடித்தான். கடைசி வரிசையிலிருந்து கை மாறி கை மாறி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஒருவர் பக்க எண்ணைப் பார்த்து அடுக்கியே கொடுத்தார். ரெண்டு தாள் ஜன்னல் வழியாகப் போய்விட்டது, மக்தலேனாவுக்கு.

சியேனகாவில் மதியம் பொரித்த மொஹார்ரா மீன், நம் ஊர் ஜிலேபிக் கெண்டைக்குப் பங்காளி, தேங்காய்ப்பால் சோறு, தட்டிப் பொரித்த வாழைக்காய், 25,000 பேசோ. தேங்காய்ச் சோறு லேசாக இனிக்கும், முதல் வாய்க்கு முகம் சுளித்தவன் ரெண்டாம் தட்டு கேட்டேன்.

சாப்பிட்டுவிட்டு நிலையத்துக்குப் பக்கத்துத் திடலுக்குப் போனோம். வெட்டுக்கத்தியை உயர்த்திப் பிடித்த கறுப்புத் தொழிலாளி சிலை. 1928 டிசம்பர் 6 விடிகாலையில், வேலைநிறுத்தம் செய்த வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் கூடி நின்ற இடத்தில் ராணுவம் சுட்டது. அமெரிக்கக் கம்பெனியான யுனைடெட் ஃப்ரூட்டின் தோட்டங்கள். செத்தவர்கள் எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. முதலில் 9 என்றார்கள். சுடச் சொன்ன தளபதி கார்லோஸ் கோர்த்தேஸ் வர்காஸ் தன் புத்தகத்தில் 47 என்று எழுதினார். அமெரிக்கத் தூதரகம் ஆயிரத்துக்கு மேல் என்று தன் அரசாங்கத்துக்கு எழுதியது. மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் 3,000 பிணங்களை ரயிலில் ஏற்றிக் கடலில் கொட்டப் போகிறார்கள். நாவலின் அளவுக்கு ஒரு ரயிலை நிரப்ப வேண்டியிருந்தது என்று அவரே பின்னால் சொன்னார், அந்த 3,000ஐ இப்போது வரலாறாகச் சொல்கிறவர்களைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். பக்கத்தில் ஐஸ் விற்றவர் எங்களிடம் சொன்னதும் 3,000தான்.

இந்தத் திடலைக் காட்டித்தான் அம்மா மகனிடம், உலகம் முடிந்துபோன இடம் இது என்று சொன்னாராம். நாங்கள் பார்த்தபோது ரெண்டு பையன்கள் சிலையடியில் உட்கார்ந்து மாங்காய்க்கு உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நானும் ஒன்று வாங்கினேன், 2,000 பேசோ. மிளகாய்ப் பொடி இல்லாத குறைதான்.

ஜூலை 13, சனி – செவில்லா, அரகட்டாக்கா

வழியில் செவில்லாவில் இறங்கினோம். மருமகனுக்கு வயிறு சரியில்லை (தேங்காய்ச் சோற்றை நான் குற்றம் சொல்ல மாட்டேன், தெருவோர ஐஸ் மேல்தான் சந்தேகம்), நிழல் எங்கே என்று தேடித்தான் உள்ளே போனோம். கம்பெனி தன் அமெரிக்க அதிகாரிகளுக்குக் கட்டிய குடியிருப்பு இங்கே இருந்தது. மார்க்கேஸின் நாவலில் வாழைக் கம்பெனி வெள்ளைக்காரர்கள் மின்சாரக் கம்பி வேலிக்குள் கோழிக்கூண்டு மாதிரி வாழ்வார்கள் இல்லையா, அது. சில வீடுகள் இன்னும் நிற்கின்றன. தரையிலிருந்து தூக்கிக் கட்டிய மர வீடு, தகரக் கூரை, சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரம் முழுக்கக் கொசு வலைக் கம்பி.

ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்துக் கை காட்டி அழைத்தார். படியேறினோம். கம்பிவலைக் கதவைத் திறந்து உள்ளே விட்டார், எங்களுக்குப் பின்னால் ஸ்பிரிங் இழுத்துக் கதவு தானாக மூடியது. முதலில் 'க்ரீ...ச்' என்று நீளமாக, அப்புறம் 'டப்', அதற்குப் பிறகு மெதுவாக இன்னொரு சின்ன 'டப்'.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஜாக்சனில் நான் மாடியில் வாடகைக்கு இருந்த பழைய மர வீட்டின் கீழ்க்கதவு இதே சத்தம்தான் போடும். ஒரே மாதிரி மூன்று சத்தம். வேலை முடிந்து களைத்து வந்து அந்தக் கதவை விடும்போதெல்லாம் கேட்டது. தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஆடு நாற்காலி, வெள்ளைச் சாயம் உரிந்த பலகை, பலகை இடுக்கில் எறும்பு வரிசை, பிற்பகல் வெயிலில் தகரம் விட்டு விட்டு 'டிக், டிக்' என்று விரிகிற சத்தம். மிசிசிப்பியில் வீடு கட்டுகிற மாதிரி இங்கே கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ராத்திரி யோசித்தபோது ஞாபகம் வந்தது, மார்க்கேஸும் இதைத்தான் சொன்னார். 1982இல் வந்த நேர்காணல் புத்தகத்தில், ஃபாக்னரோடு எனக்கிருக்கும் ஒற்றுமை இலக்கியத்தைவிட நிலத்தைச் சேர்ந்தது என்கிறார். முதல் நாவல்களை எழுதி முடித்த பிறகு அமெரிக்கத் தெற்கில் பயணம் போனபோது, புழுதியும் வெக்கையும் நம்பிக்கையற்ற ஜனமும் தன் ஊர் மாதிரியே இருந்ததைப் பார்த்தாராம், அரகட்டாக்காவைக் கட்டியது ஒரு அமெரிக்கக் கம்பெனிதானே என்று. அந்தப் பயணம் 1961இல். நியூயார்க்கிலிருந்து மெக்சிகோ போக, மனைவியோடும் ரெண்டு வயதுகூட நிரம்பாத மகனோடும் கிரேஹவுண்டு பஸ்ஸில் ஏறினார், ஃபாக்னரின் நாட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தெற்கு வழியாக. அலபாமாவின் மாண்ட்கோமரியில் இவர்களை மெக்சிகோக்காரர் என்று நினைத்து ஒரு ஓட்டலும் அறை கொடுக்கவில்லை, ராத்திரித் தூக்கம் போனது. வழிபட்டுப் படித்த நாவல்களில் இருந்த நிறவெறி, அறை இல்லை என்று நேரிலேயே வந்து நின்றிருக்கிறது. இதையெல்லாம் நான் படித்தது வருஷக்கணக்கில் முன்னால். அந்தக் கதவு 'டப்' என்னும்வரை தகவலாகத்தான் கிடந்தது.

பாட்டி மருமகனுக்குப் பனைவெல்லத் தண்ணீர் மாதிரி ஒன்றில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார், கரும்பு வெல்லமாம். பாதி வயிற்று வலி அதிலேயே போனது.

அரகட்டாக்காவில் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். ஊருக்குள் போக சைக்கிள் ரிக்‌ஷா, 3,000 பேசோ. தங்கின இடத்தில் ராத்திரி 11 மணிக்குக் கரண்ட் போய் 3 மணிக்கு வந்தது. கொசுக் கணக்கு அந்த நாலு மணி நேரத்தில் எழுதப்பட்டது.

ஜூலை 14, ஞாயிறு – அரகட்டாக்கா

மார்க்கேஸ் பிறந்த தாத்தா வீடு. பழைய வீட்டைப் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள், நிற்பது பழைய அமைப்பில் திரும்பக் கட்டி 2010இல் திறந்தது. எங்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை. பளிச்சென்ற வெள்ளைப் பலகை, எனக்கு என்னவோ ஒட்டவில்லை, நேற்றுப் பாட்டி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. தாத்தா தங்க மீன் செய்த பட்டறை அறையில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன்.

தாத்தா நிக்கோலாஸ் மார்க்கேஸ் கர்னல், 1899 முதல் 1902 வரை நடந்த ஆயிரம் நாள் போரில் லிபரல் கட்சிக்காகச் சண்டை போட்டவர், லிபரல்கள் தோற்றார்கள். வருமென்று சொன்ன பென்ஷன் சாகும்வரை வரவில்லை. ஃபாக்னரின் கொள்ளுத்தாத்தாவும் கர்னல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிக்காக நின்றவர், அவர்களும் தோற்றார்கள். ரெண்டு கர்னல்களும் போருக்கு வெளியே சொந்தச் சண்டையில் ஆளைக் கொன்றவர்கள் வேறு. ஒருவர் பேரனுக்குத் தன் வாயாலேயே கதை சொன்னார், மற்றவர் கொள்ளுப்பேரன் பிறப்பதற்கு முன்பே சுடப்பட்டுச் செத்துக் குடும்பக் கதையாகிவிட்டார்.

"ரெண்டுமே தோத்த பார்ட்டி வீட்டுப் பசங்க" என்றான் மருமகன். "ஜெயிச்சவன் வீட்ல கதை ஒரே நிமிஷத்துல முடிஞ்சிரும் மாமா."

நாவலைத் தொடாதவன் சொல்கிறான். நான் எதுவும் பேசாமல் பின்பக்கத்துப் பெரிய மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கே இருந்த ஊர்க்காரர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். ஐஸ் கதையைச் சொன்னார். தாத்தா பேரனைக் கூட்டிப்போய், கம்பெனியில் உறைந்த மீன் பெட்டி ஒன்றைத் திறக்கச் சொல்லிக் கையை வைக்க வைத்தாராம். நாவலின் முதல் வரியிலேயே வருகிற, உலகம் பூராவும் பேசுகிற அந்த ஐஸ் வாழைக் கம்பெனி இறக்கிய மீன் பெட்டியிலிருந்து வந்தது. ஃபாக்னரைப் படித்திருக்கிறீர்களா என்று மருமகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் யோசித்தார். "அந்த கிரிங்கோவா? காபித்தோ அவரைப் பற்றிச் சொல்வார். நம் ஊரைப் பற்றி எழுதினவர்தானே?" என்றார். கிரிங்கோ என்றால் அமெரிக்கக்காரர், காபித்தோ என்பது மார்க்கேஸின் செல்லப் பெயர். திருத்த வேண்டாம் என்று மருமகனுக்குக் கண் காட்டினேன்.

ஊரின் பெயரோடு, நாவலில் வருகிற கற்பனை ஊரான 'மகோந்தோ'வைச் சேர்க்க 2006இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், போதுமான பேர் ஓட்டுப் போட வரவில்லை, விழுந்துவிட்டது. வெயிலைப் பார்த்தால் நானும் போயிருக்க மாட்டேன். வாய்க்காலில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள், மருமகனும் குதித்தான், நான் கால் மட்டும் நனைத்தேன். மதியச் சாப்பாடு 15,000 பேசோ: சூப், சோறு, அவரைக் கூட்டு, வாழைப்பழப் பொரியல், ஒரு துண்டு மாடு. நம் மெஸ் சாப்பாடேதான், சோறு ரெண்டாம் தடவை கேட்டால் முறைக்காமல் போட்டார்கள்.

ராத்திரி இறுதி ஆட்டம், அர்ஜென்டினாவோடு. கடை வாசலில் டிவியை வெளியே வைத்து, தெருவில் நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்தது. எங்களுக்கும் ரெண்டு நாற்காலி வந்தது. மயாமியில் கூட்டம் கலாட்டா செய்து ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. 112ஆம் நிமிஷம் அர்ஜென்டினா கோல். முடிந்ததும் யாரும் டிவியைத் திட்டவில்லை, கல்லெறியவில்லை. அவரவர் நாற்காலியை மடக்கினார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் எங்கள் நாற்காலியையும் சேர்த்து மடக்கிவிட்டு, "விருந்தாளிகளுக்கு இப்படிக் காட்டியிருக்கக் கூடாது" என்றார். எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

ஜூலை 15, திங்கள் – அரகட்டாக்கா, காலை

பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை, ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தோம். பயணிகள் ரயில் இந்தப் பாதையில் நின்று பல காலம் ஆகிறது. இப்போது நிலக்கரி ரயில்தான், உள்நாட்டுச் சுரங்கத்திலிருந்து சியேனகா பக்கத்துத் துறைமுகத்துக்கு. காபி விற்கிற அம்மா ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் உட்கார்ந்தார், சின்னக் கப் 1,000 பேசோ.

ரயில் வந்தது. ஒன்றிலும் ஆள் இல்லை, கறுப்பு மலை ஏற்றிய பெட்டிகள் மட்டும், நாவலில் வருகிற ரயில் மாதிரி முடியவே மாட்டேன் என்று போய்க்கொண்டே இருந்தது. மருமகனும் நானும் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தோம், சத்தமாக எண்ணாமல், அவரவர் மனசுக்குள். கடைசிப் பெட்டி போனதும் நான் 117 என்றேன். அவன் 122 என்றான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ரயிலைத்தான் பார்த்தோம். கொஞ்ச நேரம் சண்டை போட்டோம், நீங்க நடுவுல காபி வாங்கினீங்க மாமா, நீதான்டா மாப்ளே போனைப் பார்த்தே.

காபிக்கார அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும், தினம் பார்க்கிறவர். மருமகன் கேட்டான்.

"நிறைய" என்றார்.